கிளாஸ்ல நடந்த எல்லாத்தையும் மேடையில சொல்லணுமா?

வாசகியோட கடிதம்:

வணக்கம் டீச்சர். நான் பினாங்கு பட்டர்வொர்த்ல ஃபோர்ம் 5, ஸ்கூல்ல கடைசி வருஷம், படிக்கிறேன், கிளாஸ் மோனிட்டர். எஸ்பிஎம் பரீட்சைக்கு முன்னாடி ஸ்கூல்ல கிராஜுவேஷன் வைக்கிறாங்க, எங்க கிளாஸ் சார்பா நான் அஞ்சு நிமிஷம் பேசணும், பின்னால ஸ்லைடு ஓடும். அஞ்சு வருஷத்தைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கணும், நல்லதை மட்டும் பேசுன்னு கிளாஸ் டீச்சர் சொல்லிட்டாங்க. வாட்சாப் குரூப்ல எல்லாரும் பழைய போட்டோவா போட்டு அழுவுறாங்க, பெஸ்ட் கிளாஸ் நம்மதான்னு வேற. எனக்கு மட்டும் ஒட்டவே மாட்டேங்குது. ஃபோர்ம் 2ல ஒரு பொண்ணுக்கு எல்லாரும் சேர்ந்து ஒரு பேர் வச்சுக் கூப்பிட்டோம், ஒரு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. பேரு நான் வைக்கல, ஆனா சிரிச்சேன். இப்ப ஸ்லைடுக்குப் போட்டோ கேட்டதும் அவ தனியா மெசேஜ் பண்ணி, என் போட்டோ எதுவும் போடாதேன்னு மட்டும் சொன்னா. இன்னொருத்தன், தமிழ்ப்பள்ளியில எனக்கு ஒரு வருஷம் மூத்தவன், ரிமூவ் கிளாஸ், அதான் மலாய் பழகுறதுக்கு வைக்கிற அந்த ஒரு வருஷம், முடிச்சிட்டு எங்ககூட ஃபோர்ம் 1 வந்தான். வீட்டுல கஷ்டம், ஃபோர்ம் 3 பாதியில நின்னுட்டான், இப்ப பக்கத்து ஊரு பிறையில டயர் கடையில வேலை. கிளாஸ் குரூப்ல இருந்து அவனை எப்பவோ யாரோ எடுத்துட்டாங்க. இதையெல்லாம் விட்டுட்டு நாங்க ஒரே குடும்பம்னு பேசினா பொய் மாதிரி இருக்கு, பேசினா கிளாஸே கோவிச்சுக்கும். எல்லார் முன்னாலயும் அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேட்டா சரியா இருக்குமா டீச்சர்? அப்புறம் பேச்சு மலாய்லதான், கடைசியில ஒரு வரி தமிழ்ல பேசலாமா?

பதில்:

தங்கச்சி, மேடை மன்னிப்பைப் பத்தி முதல்ல சொல்லிடறேன், ஏன்னா உன் கடிதத்தைப் படிச்சதும் நீ அவசரப்பட்டு அங்கதான் ஏதாவது பண்ணிடுவியோன்னு பட்டுச்சு. வேண்டாம்மா. அந்தப் பொண்ணு உன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு, என்னை அந்த ஸ்க்ரீன்ல காட்டாதேன்னு. நீ மைக்கைப் பிடிச்சு அவகிட்ட மன்னிப்பு கேட்டா போட்டோவே இல்லாம ஹால் முழுக்க அவளைத் திரும்பிப் பார்க்க வச்சிடுவே, அந்தப் பேர் என்னன்னே தெரியாத பக்கத்து கிளாஸ் பிள்ளைங்க, பின்னால உட்கார்ந்திருக்கிற அவ அம்மா, பெற்றோர் ஆசிரியர் சங்கம் பிஐபிஜியோட தலைவர் எல்லாரும் என்னம்மா விஷயம்னு கேட்பாங்க, அவ அந்த நேரத்துல சிரிச்சுத் தலையாட்டியே ஆகணும், வேற வழி கிடையாது அவளுக்கு. கைத்தட்டல் உனக்கு, கஷ்டம் அவளுக்கு. நீ நல்ல மனசோடதான் யோசிச்சிருக்கே, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல, ஆனா எடம் தப்பு.

மன்னிப்பு கேட்கணும்னு தோணுதுன்னா தனியா கேளு. வாட்சாப்ல பெரிய கட்டுரையா எழுதி அனுப்பாதே, அதை அவ ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்து படிச்சிட்டு என்ன பதில் போடறதுன்னு தெரியாம முழிப்பா. "உன்கிட்ட ஃபோர்ம் 2 விஷயமா கொஞ்சம் பேசணும், இப்ப வேண்டாம்னா எஸ்பிஎம் முடிஞ்சு பேசலாம், பேசவே வேண்டாம்னாலும் சரி" அவ்ளோதான் முதல் மெசேஜ். அவ சரின்னு சொன்னா, நீ செஞ்சதை மட்டும் சொல்லு: அவங்க கூப்பிட்டப்ப நானும் சிரிச்சேன், ஒரு டீச்சர்கிட்டகூட சொல்லல, அது தப்பு. இதோட நிறுத்திக்கணும். அப்ப நாமெல்லாம் சின்னப் பிள்ளைங்க, சும்மா விளையாட்டுக்குத்தானே, உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா சாரி, இந்த மாதிரி வால் எதையும் ஒட்டாதே, ஒட்டினா அது மன்னிப்பே இல்ல, பழி திரும்ப அவ பக்கமே போயிடும், அவதான் பெருசா எடுத்துக்கிட்டாங்கிற மாதிரி. மன்னிச்சிட்டியான்னும் கேட்காதே. அவ பேசாம இருக்கலாம், பரவால்ல விடுன்னு சொல்லிட்டுப் போகலாம், கோவப்படலாம், எது வந்தாலும் நீ கேட்டுக்கிட்டு வந்துடணும். என்கிட்ட வர்ற பிள்ளைங்க பலபேர்கிட்ட நான் பார்த்தது, பேர் வச்சுக் கூப்பிட்டவனுக்கு அந்தப் பேரே மறந்து போயிருக்கும், கூப்பிடப்பட்ட பிள்ளைக்கு எந்தப் பீரியட்ல, யார் முதல்ல சிரிச்சாங்கங்கிறது வரைக்கும் ஞாபகம் இருக்கும். அதனால நீ சிரிச்சது அவளுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதே.

போட்டோ விஷயத்துல கொஞ்சம் கவனமா வேலை செய்யணும். அவ தனியா இருக்கிற படம் மட்டும் இல்ல, ஸ்போர்ட்ஸ் டேல பின்னால நிக்கிறது, கான்டீன்ல ஓரமா தெரியிறது எல்லாத்தையும் பாரு. முகத்தை மட்டும் மங்கலாக்கிப் போட்டுடாதே, எல்லார் கண்ணும் நேரா அங்கதான் போகும், அதுக்கு அந்தப் படத்தையே எடுத்துடறது மேல். வருஷா வருஷம் ஸ்கூல்ல எடுக்கிற முழு கிளாஸ் போட்டோ ஒண்ணு கண்டிப்பா போட்டே ஆகணும்னா அதை அவகிட்ட முன்னாடியே காட்டி, இது ஒண்ணு வரலாமான்னு கேளு. வேண்டாம்னா வேண்டாம். யாராவது ஏன் அந்தப் படம் இல்லன்னு கேட்டா, எடம் பத்தலன்னு சொல்லிக்கோ, அவ வேண்டாம்னு சொன்னான்னு மட்டும் வாயைத் திறக்காதே.

இப்ப உனக்கு ஏன் ஒட்டலங்கிற கதைக்கு வர்றேன். நீ கல்மனசுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கே போல, கடிதத்துல அதைச் சொல்லாட்டியும் தெரியுது. 2007ல அமெரிக்காவுல குக், கோப்பல், ஹெர்ஸ்ட்னு மூணு பேர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஒருத்தர் ஒரு கதையில சில பகுதியை மட்டும் எடுத்துச் சொல்றப்ப, சொல்லாம விட்ட பகுதி சொன்னவருக்கு மட்டும் இல்ல, பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தவருக்கும் பின்னால ஞாபகம் வர்றது கஷ்டமாகுதுன்னு காட்டுனாங்க. அதுலயும் சொன்ன விஷயத்தோட ஒட்டி இருக்கிறதுதான் அதிகமா மறந்து போகுதாம். உங்க வாட்சாப் குரூப்ல இப்ப நடக்கிறது அதேதான்லா. ஃபோர்ம் 2 கேம்ப் போட்டோவை முப்பது பேர் திரும்பத் திரும்பப் பேசப் பேச, அதே ஃபோர்ம் 2ல நடந்த மத்தது எல்லாம் பின்னால போயிக்கிட்டே இருக்கு, யாரும் வேணும்னு மறைக்கல. உன் இன்பாக்ஸ்ல அவளோட அந்த ஒரு வரி மெசேஜ் கெடக்கு, அதனால உனக்கு மட்டும் அது பின்னால போகல. மத்தவங்களுக்கு அந்த மெசேஜ் வரல, அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொண்ணும் இருக்கு, கடைசியில எப்படி இருந்துச்சோ அதை வச்சுத்தான் மனசு மொத்தத்துக்கும் மார்க் போடும். 1993ல உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவரோட கூட்டாளிங்களும் ஒரு சோதனை செஞ்சாங்க, ஆளுங்க கையை 14 டிகிரி குளிர் தண்ணியில 60 செகண்ட் வைக்கச் சொன்னாங்க, இன்னொரு தடவை அதே 60 செகண்ட், அது முடிஞ்சும் எடுக்க விடாம கூட 30 செகண்ட், அந்த 30 செகண்ட்ல மட்டும் தண்ணி மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். திரும்ப எதைச் செய்றீங்கன்னு கேட்டா பெரும்பாலானவங்க ரெண்டாவதையே கேட்டாங்க, கஷ்டம் அதுலதான் அதிக நேரம், ஆனா முடிவு கொஞ்சம் சொகுசு. ஃபோர்ம் 5 கடைசி மாசங்கள்ல எல்லாரும் நல்லவங்களாயிடுவாங்க. டீச்சருங்க திட்டறதைக் குறைச்சிடுவாங்க, ஆட்டோகிராஃப், சட்டையில கையெழுத்து, ஒண்ணா உட்கார்ந்து டிரயல் பேப்பர் செய்றதுன்னு ஒரு பாசம் வரும். அது பொய்ப் பாசம்னு நான் சொல்லல. அந்த மூணு மாசத்துப் பாசத்தை அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்துப் பூசுறாங்க, அங்கதான் உனக்கு இடிக்குது.

அஞ்சு வருஷம்னு சொல்றீங்களே, அதையே முதல்ல பிரிச்சுப் பாரேன், பேச்சுக்கு வேண்டிய சரக்கு முக்காவாசி அங்கதான் இருக்கு, நல்லதை மட்டும் பேசுன்னு சொன்ன டீச்சரும் அதுக்குத் தடை சொல்ல மாட்டாங்க. நீங்க 2008ல பொறந்த செட். ஸ்டாண்டர்ட் 6ல இருந்தப்ப, 2020ல, யூபிஎஸ்ஆர் பரீட்சையை ரத்து பண்ணிட்டாங்க, அடுத்த வருஷம் அந்தப் பரீட்சையே இல்லாம போச்சு. ஃபோர்ம் 3 வர்றதுக்குள்ள 2022ல ஃபோர்ம் 3 பரீட்சை பிடி3யையும் எடுத்துட்டாங்க. அதனால பதினேழு வயசுல எஸ்பிஎம் எழுதப் போறதுதான் உங்களுக்கு முதல் அரசாங்கப் பரீட்சை. உங்க அக்கா அண்ணன்மாருங்க எல்லாம் பன்னெண்டு வயசுலயே ஹால்ல உட்கார்ந்து அங்கா கிலிரான், அதான் பரீட்சை நம்பர், எழுதிப் பழகுனவங்க, உங்களுக்கு அது கெடைக்கல, இல்ல அந்தத் தொல்லை இல்லாம போச்சு, எப்படி வேணா வச்சுக்கோ. ஆனா உன் கிளாஸ்ல ஒருத்தன் யூபிஎஸ்ஆர் எழுதினவன். அந்த டயர் கடைப் பையன். ரிமூவ் போனவன்னா 2019ல ஸ்டாண்டர்ட் 6 முடிச்சிருப்பான், அதுதான் நடந்த கடைசி யூபிஎஸ்ஆர். உங்க கிளாஸ் குரூப்ல இருந்து எடுத்தது அவனைத்தான்.

அடுத்தது ஃபோர்ம் 1. 2021. அந்த ஜனவரியில புது யூனிஃபார்ம் வாங்கி வச்சும் ஸ்கூலுக்குப் போகல, கூகல் மீட்ல பிடிபிஆர்னு வீட்டுல இருந்தே பாடம், ஏப்ரல்லதான் இடைநிலைப்பள்ளி திறந்தாங்க, ஜூன் ஒண்ணாந்தேதி திரும்ப ஃபுல் லாக்டவுன், அக்டோபருக்கு மேல மெல்ல மெல்ல, அதுவும் பல ஸ்கூல்ல பாதி கிளாஸ் இந்த வாரம் மீதி அடுத்த வாரம்னு. அந்த வருஷத்துல உங்க கிளாஸ் மொத்தமா ஒரே ரூம்ல எத்தனை நாள் உட்கார்ந்திருக்கும்னு நீயே யோசிச்சுப் பாரு. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் மாஸ்க் இல்லாம எப்ப முதல்ல பார்த்தீங்க? யாரு கேமரா போடவே மாட்டா, யாரு வீட்டுல பின்னால சேவல் கூவிக்கிட்டே இருக்கும், எந்த சிகு மியூட்ல வச்சுக்கிட்டே அரை மணி நேரம் பாடம் நடத்துனாரு, யாரு அண்ணன் தம்பி மூணு பேருக்கும் ஒரே கைத்தொலைபேசி? இதைக் கேட்டா ஹாலே சிரிக்கும், பெத்தவங்களும் சேர்ந்து சிரிப்பாங்க, ஏன்னா டேட்டாவுக்குக் காசு கட்டினது அவங்க. அதே மூச்சுல, அந்த வருஷம் ஜூன் கடைசியில வெள்ளைக் கொடி கட்டினா அக்கம்பக்கம் சாப்பாடு கொண்டாந்து குடுத்த காலம் ஞாபகம் இருக்கான்னு ஒரு வரி சேர்த்துக்கோ. எந்த வீட்டுல கட்டினாங்கன்னு சொல்லத் தேவையில்ல. சிரிப்புக்கு நடுவுல அந்த ஒரு வரி போதும், நீ பொய் பேசலன்னு உனக்கே நிம்மதியாகும்.

பட்டர்வொர்த் பிள்ளைங்கங்கிறதால உங்களுக்குன்னு இன்னும் ஒண்ணு இருக்கு, ஃபெர்ரி. காடி ஏத்திக்கிட்டுப் போற பழைய ஃபெர்ரி 2020 டிசம்பர் 31ஓட நின்னு போச்சு, அதாவது நீங்க தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, மலாய்ப்பள்ளின்னு ஆளுக்கொரு பக்கம் படிச்சு முடிச்ச அதே வருஷம். 2023 ஆகஸ்ட்ல புது ஃபெர்ரி வந்துச்சு, ஆளும் மோட்டோர்சைக்கிளும் சைக்கிளும் மட்டும் ஏறலாம், அப்ப நீங்க ஃபோர்ம் 3. உங்க கிளாஸ்ல யாராவது முதல் தடவை அப்பா அம்மா இல்லாம கூட்டாளிங்களோட பினாங்குத் தீவுக்குப் போனது அந்த ஃபெர்ரியிலதான் இருக்கும், பாடாங் கோத்தாவுல பசம்போர் தின்னுட்டு, திரும்ப வர்றதுக்குக் காசு எண்ணிக்கிட்டு. கேட்டுப் பாரு. தைப்பூசமும் அப்படித்தான், 2021ல காவடி இல்ல, அப்புறம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டம் திரும்ப வந்தப்ப உங்க கிளாஸ் சீனப் பிள்ளைங்க யாராவது உங்ககூட அந்த ஐநூத்திச் சொச்சம் படி ஏறி முட்டி வலிக்குதுன்னு புலம்பியிருப்பாங்க. நான் ஊகமாத்தான் சொல்றேன், உங்க கதை வேறயா இருக்கும். நாங்க ஒரே குடும்பம்னு யாரு வேணா எந்த கிளாஸுக்கு வேணா சொல்லலாம், அந்த வரியை உங்க ஸ்கூல்ல எல்லா மோனிட்டரும் சொல்லத்தான் போறாங்க. உங்க கிளாஸுக்கு மட்டும் நடந்ததைச் சொல்லு.

இன்னொரு சந்தேகம் எனக்கு. அஞ்சு வருஷமா ஒரே கிளாஸா நீங்க? ஃபோர்ம் 4ல பாடத்தைத் தேர்ந்தெடுக்கிறப்ப சயன்ஸ், அக்கவுண்ட்ஸ்னு பிரிச்சிருப்பாங்களே. இப்ப உன் கிளாஸ்ல உட்கார்ந்திருக்கிற பாதிப்பேர் ரெண்டு வருஷக் கூட்டாளியாத்தான் இருப்பாங்க, ஃபோர்ம் 1 ஆளுங்க பாதிப்பேர் பக்கத்து ரூம்ல இருப்பாங்க. ஒருவேளை உனக்கு உண்மையிலேயே அஞ்சு வருஷமும் கூட வந்தது தமிழ் கிளாஸ்தானோ என்னமோ. பதினஞ்சு பிள்ளைங்களோட பெத்தவங்க கேட்டாத்தான் தாய்மொழி வகுப்பு வைக்கணும்ங்கிற சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு பேர் சேர்த்து, ஸ்கூல் முடிஞ்சு மத்தவன் எல்லாம் வீட்டுக்குப் போறப்ப நாலு கிளாஸ்ல இருந்து வந்து ஒண்ணா உட்கார்ந்தீங்களே, அந்தக் கூட்டம். அங்க உனக்கு ஒட்டுதான்னு பாரு. ஒட்டுச்சுன்னா நீ கல்மனசும் இல்ல ஒண்ணும் இல்ல. அவங்களுக்குன்னு தனியா ஒரு சாப்பாடு வச்சுக்கோங்க, ஸ்லைடு தேவையே இல்ல.

அந்தப் பையன் விஷயம். அவன் போட்டோவை சோகமான மியூசிக்கோட போட்டு, வீ மிஸ் யூன்னு எழுதலாம்னு உன் கூட்டாளி யாராவது ஐடியா குடுப்பாங்க, அதுக்கு மட்டும் சம்மதிக்காதே. அவன் உயிரோட, பிறையில, உங்க வீட்டுல இருந்து இருவது நிமிஷத்துல இருக்கான், செத்துப் போனவனுக்கு வைக்கிற மாதிரி ஸ்லைடு எதுக்கு? நேர்ல போய்ப் பாரு, தனியாப் போகத் தயக்கமா இருந்தா தமிழ்ப்பள்ளி கூட்டாளி ஒருத்தரைக் கூட்டிக்கோ, கடையில வேலை மும்முரமா இருக்கிற நேரத்துல போய் நிக்காதே, லஞ்ச் டைம் கேட்டுக்கிட்டுப் போ. கிராஜுவேஷனுக்கு வாடான்னு எடுத்த எடுப்புல கூப்பிட்டுடாதே. எல்லாரும் ரோபும் தொப்பியும் போட்டுக்கிட்டு மேடை ஏறுறப்ப அவன் கீழ பார்வையாளரா உட்கார்ந்து கைத்தட்டணுமா? சில பேர் சந்தோஷமா வருவாங்க, சில பேருக்கு அது நரகம். ஃபோர்ம் 1 போட்டோவுல நீ இருக்கே, அதை ஸ்லைடுல போடலாமா, உன் பேரைச் சொல்லலாமான்னு மட்டும் கேளு. பொண்ணுகிட்ட எப்படிக் கேட்டியோ அதே மரியாதை அவனுக்கும். சரின்னா, ஸ்கூல்ல அனுமதி வாங்கித் தர்றேன், நிகழ்ச்சி முடிஞ்சு சாப்பிட வாயேன்னு அடுத்தது.

போறப்ப புத்திமதி மூட்டையைத் தூக்கிட்டுப் போகாதே. அவனாக் கேட்டா மட்டும் சொல்லு, எஸ்பிஎம்மை ஸ்கூல் இல்லாம தனியாளாப் பதிஞ்சும் எழுதலாம், பதிவு பரீட்சைக்குப் பல மாசம் முன்னாலயே முடிஞ்சிடும், இந்த வருஷம் போச்சு, அடுத்த வருஷத்துக்கு இப்பவே கவனிக்கணும். சர்டிபிகேட் கையில வரணும்னா மலாயும் செஜாரான்னு சொல்ற வரலாறும் பாஸ் பண்ணியே ஆகணும், அதனால எல்லாப் பாடத்தையும் கட்டி அழாம அந்த ரெண்டுல முதல்ல கையை வைக்கலாம். பரீட்சையே வேண்டாம்னா கியாட்மாரா மாதிரி எஸ்பிஎம் இல்லாமலே சேர்க்கிற பயிற்சி இடங்கள் இருக்கு. அதோட அவன் கடையில கத்துக்கிட்ட வேலையையே கணக்குல எடுத்து எஸ்கேஎம் திறன் சான்றிதழ் குடுக்கிற பிபிடின்னு ஒரு வழியும் இருக்கு, மனிதவள அமைச்சுக்குக் கீழ இருக்கிற திறன் மேம்பாட்டு இலாகா நடத்துறது, செஞ்ச வேலைக்கு ஆதாரம் காட்டணும், அதனால இப்பத்திலிருந்தே செய்ற வேலையைப் படம் எடுத்து வச்சுக்கச் சொல்லு. இதை எல்லாம் உன் தலையில நான் கட்டல. உங்க ஸ்கூல் கவுன்சலிங் சிகுகிட்ட அவன் பேரைச் சொல்லி விட்டாலே அவங்க பார்த்துக்குவாங்க, நின்னு போன பிள்ளைங்களுக்கு வழி சொல்றதும் அவங்க வேலைதான்.

குரூப்ல திரும்பச் சேர்க்கிறதுக்கும் அவன்கிட்ட கேட்டுட்டுச் சேர்த்துக்கோ. திடீர்னு சேர்த்துவிட்டு முப்பது பேர் ஒரே நேரத்துல டேய் எங்கடா போனேன்னு கேட்டா, போனது எங்கன்னு தெரிஞ்சவங்களே கேட்கிறாங்களேன்னுதான் அவனுக்கு இருக்கும்.

கிளாஸ் டீச்சர் மேல கோவப்படாதே. பிரின்சிபல் முன் வரிசையில உட்கார்ந்திருக்க, அவங்க கிளாஸ் மோனிட்டர் மேடையில பேர் வச்சுக் கேலி பண்ணின கதையை எடுத்தா, நாளைக்கு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க, பரீட்சை நேரத்துல அவளுக்கு அது தேவையா? டீச்சர் சொன்னதுல அந்த அளவுக்கு நியாயம் இருக்கு. நல்லதை மட்டும் பேசுறதுல தப்பில்ல, இல்லாததைப் பேசுறதுதான் தப்பு. அதனால பெஸ்ட் கிளாஸ், ஒரே குடும்பம், சண்டையே போட்டதில்ல இந்த மூணையும் பேச்சுல இருந்து எடுத்துடு, எடுத்தா யாருக்கும் தெரியாது. அதுக்குப் பதிலா, "இந்த கிளாஸை ஆரம்பிச்ச எல்லாரும் இன்னிக்கு இந்த ஹால்ல இல்ல, நாங்க எல்லாரும் எல்லார்கிட்டயும் எப்பவும் நல்லா நடந்துக்கிட்டதும் இல்ல" இதை மலாய்ல நிதானமா ஒரே மூச்சுல சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிடு. நின்னு ஹாலைப் பார்க்காதே, குரலை ஏத்தி எறக்காதே. புரிய வேண்டியவங்களுக்குப் புரியும். பேச்சை முன்னாடியே டீச்சர்கிட்ட குடுத்துடு, அந்த வரியையும் சேர்த்துத்தான், மேடையில திடீர்னு புகுத்தாதே. எடுக்கச் சொன்னா முதல் பாதியை மட்டுமாவது வச்சுக்கக் கேளு. அதுக்கும் ஒத்துக்கலன்னா விட்டுடு, நீ அந்த ரெண்டு பேர்கிட்டயும் தனியாப் பேசிட்டேன்னா அந்த வரி இல்லாட்டியும் ஒண்ணும் குறைஞ்சிடாது.

கதை சேர்க்கிறதுக்கு குரூப்ல கேட்காதே, குரூப்ல கேட்டா சத்தமாப் பேசுற அஞ்சு பேர் கதைதான் வரும். ஒவ்வொருத்தருக்கும் தனியா மெசேஜ் போட்டு ஒரே கேள்வி கேளு, இந்த ஸ்கூல்ல உனக்கு ஞாபகம் இருக்கிற சின்ன விஷயம் ஒண்ணு சொல்லு, பெருசா வேண்டாம்னு. பின் பெஞ்சுல பேசாம உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்ககிட்ட இருந்துதான் நல்ல நல்ல விஷயமா வரும். கான்டீன் ஆண்ட்டி கடன் எழுதி வச்ச நோட்டு, கேட்ல நிக்கிற பாக் கார்ட் லேட்டா வந்தவங்களை எந்த வழியா விட்டாரு, மழை பெஞ்சா எந்த ஜன்னல் ஓரம் நனையும். யாராவது எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லன்னு பதில் போட்டா அதைத் துருவாதே, அதுவும் ஒரு பதில்தான், அந்தப் பிள்ளைகிட்ட பிறகு ஒரு நாள் போய் உட்கார்ந்து வேற ஏதாவது பேசு. அஞ்சு நிமிஷத்துக்கு எட்டு விஷயம் தாங்காது, நாலு போதும், அந்த நாலுல மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணுலயாவது இருக்கிற மாதிரி பார்த்துக்கோ. பேச்சை வீட்டுல சத்தமாப் படிச்சு நேரம் பாரு, எல்லாரும் நினைக்கிறதை விட அதிகமாத்தான் இழுக்கும்.

இந்த வேலை எல்லாம் எஸ்பிஎம் ரிவிஷனைத் தின்னுடக் கூடாது, அதனால ஸ்லைடு செய்றதை வேற ஒருத்தர் தலையில கட்டு, நீ படத்தைப் பார்த்துச் சரி சொன்னா போதும். ராத்திரி இதை நினைச்சு நினைச்சு தூக்கம் கெடுதுன்னா, இல்ல அந்தப் பொண்ணு பேசறப்ப அவ இன்னும் ரொம்பக் கஷ்டத்துல இருக்கிற மாதிரி தெரிஞ்சுதுன்னா, நீயே தாங்கிக்கப் பார்க்காதே, ஸ்கூல் கவுன்சலர்கிட்ட போங்க, அங்க போகப் பிடிக்கலன்னா சுகாதார அமைச்சோட ஹீல் லைன் 15555 இருக்கு.

கடைசிக் கேள்வி, தமிழ்ல ஒரு வரி. பேசலாம், ஏன் கூடாது. ஆனா மேடையில நீ மட்டும் திடீர்னு தமிழ்ல முடிச்சா, மலாய்க்காரக் கூட்டாளிக்கும் சீனக் கூட்டாளிக்கும் அது நம்மளுக்குச் சொன்னது இல்லன்னு தோணிடும். உன் கிளாஸ் சீனப் பிள்ளை ஒருத்தரை மேடைக்குக் கூட்டிக்கோ, அவங்க மாண்டரின்லயோ ஹொக்கியன்லயோ ஒரு வரி, நீ தமிழ்ல ஒரு வரி, மலாய்க்காரப் பிள்ளை ஒருத்தர் முடிக்கட்டும். ஹொக்கியன்னா பினாங்குல பாதி ஹாலுக்குப் புரியும், சிரிப்பும் வரும். நிகழ்ச்சி நடத்துற டீச்சர்கிட்ட மூணு பேர் ஏறுவோம்னு முன்னாடியே சொல்லிடுங்க, மைக் ஒண்ணுதான் இருக்கும். தமிழ் வரி என்ன சொல்லலாம்னு நீ கேட்கல, இருந்தாலும் சொல்றேன், கவிதை எல்லாம் வேண்டாம், கூட்டத்துல எங்கயோ உட்கார்ந்திருக்கிற உங்க அம்மாவுக்கும் பாட்டிக்கும் புரியிற மாதிரி, நாங்க முடிச்சிட்டோம்மா, வீட்டுக்குப் போலாம்னு சொல்லு. அதுக்கு மேல மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதே, பின்னால இன்னும் நாலு கிளாஸ் காத்துக்கிட்டு இருக்கும்.